முப்பது நாளும் ஏழு வழியும்

நம்மவர்களில் வழிசொல்லி என்றொரு இனம் உண்டு. பிறப்பால் வருவதல்ல, யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதுமல்ல. ஊரில் ஒருவர் கையில் ஓர் அரசாங்கக் காகிதம் சிக்கினால் போதும், மழை விட்டதும் ஈசல் கிளம்புவதுபோல் எங்கிருந்தோ வந்துவிடுவார். நீங்களும் பார்த்திருப்பீர்கள். காகிதத்தை நீங்கள் நீட்டும் முன்பே அவர் கை நீண்டிருக்கும், வாங்கி, நேராகப் பார்த்து, திருப்பிப் பார்த்து, முத்திரை இருக்கும் இடத்தை வெளிச்சத்துக்குக் காட்டி, உதட்டைப் பிதுக்கி, "யாரு சொல்லி இப்படிச் செஞ்சே?" என்பார். அதிலேயே உங்களுக்குப் பாதி உயிர் போய்விடும். மீதி உயிரோடு அவருக்கு ஒரு கோப்பி சொல்வீர்கள். கோப்பி பாதி இறங்கிய பிறகுதான் அவர் திருவாய் மலரும்: "கவலப்படாதே. வழி இருக்கு."

வழி இல்லை என்று சொன்ன வழிசொல்லி இன்னும் பிறக்கவில்லை. ஒரே ஒரு வழி மட்டும் சொன்னவரும் பிறக்கவில்லை. ஒரு வழி சொன்னால் நீங்கள் எழுந்து அந்த வழியே போய்விடுவீர்களே, அப்புறம் அவர் யாருடன் உட்கார்ந்து கோப்பி குடிப்பது?

எண்பதாம் ஆண்டு மலேசியாவில், ஈப்போ நகரத்துச் சிலிபினில் இந்த இனத்தின் தலைமகனாக விளங்கியவர் பத்துமலை. ஓர் அரசாங்க அலுவலகத்தில் பதினெட்டு வருடம் கோப்பு தூக்கி ஓய்வு பெற்றவர். கோப்புக்குள் என்ன எழுதியிருந்தது என்று அவருக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. ஆனால் எந்தக் கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கும், எந்தத் துவான், அதாவது மேலதிகாரி, எத்தனை மணிக்கு எரிந்து விழுவார் என்பதெல்லாம் அத்துப்படி. இது போதாதா? சிலிபின்காரர்களுக்குப் போதும். முத்து முகம்மதின் சாப்பாட்டுக் கடையில், காற்றாடிக்கு நேர் கீழே இருக்கும் மேசை அவருடையது. பக்கத்து நாற்காலியில் ஒரு ரெக்சின் பை உட்கார்ந்திருக்கும். அதில் நாய் வளர்க்கும் லைசென்ஸ் முதல் சவ அடக்க அனுமதி வரை எல்லா விண்ணப்பப் பாரங்களும் இருந்தன. பாதிக்கு மேல் அரசாங்கமே கைவிட்டுவிட்ட பழைய பாரங்கள். பத்துமலை கைவிடவில்லை.

அந்த மேசைக்குத்தான் ஜூலை மாதத்தில் ஒருநாள் காலையில் காளியம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

காளியம்மா ஒரு காலத்தில் சுங்காய்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது புருஷனையும் இழந்து, சிலிபினுக்கு வந்து, ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் தகரம் துடைக்கிற வேலையில் ஒண்டிக்கொண்டவள். மகள் நல்லம்மாள் அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில்தான் பிறந்தாள். பிறந்தது மலாயாவின் சுதந்திரத்துக்கு இரண்டு வருடம் முன்னால். பெற்றவர்களோ இந்தியாவிலிருந்து வந்து குடியுரிமைக்கு எழுதிப் போடாதவர்கள். ஆகவே மகளுக்குக் கிடைத்தது சிவப்பு அடையாள அட்டை. நீல அட்டைக்காரர் இந்த நாட்டவர். சிவப்பு அட்டைக்காரர் இங்கே இருக்கலாம், அவ்வளவுதான். வெளிநாடு போனால் திரும்பி வர அனுமதிச்சீட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும், அதில் போட்ட தேதிக்குள் திரும்பிவிடவும் வேண்டும். நல்லம்மாள் அப்படி ஒரு சீட்டும், இந்தியப் பாஸ்போர்ட் ஒன்றும் வாங்கிக்கொண்டுதான் மெட்ராஸுக்கு பி.எஸ்ஸி. படிக்கப் போனாள்.

சீட்டின் தேதி மார்ச் மாதத்தோடு முடிகிறது. கடைசிப் பரீட்சையோ மே மாதத்துக்குத் தள்ளிப் போய்விட்டது. பரீட்சையை விட்டுவிட்டு வரவா, எழுதிவிட்டு வரவா என்று அவள் தாய்க்குக் கடிதம் போட்டாள். தாய் அதை எங்கே எடுத்துப் போனாள் என்று சொல்லவும் வேண்டுமா?

"டிகிரியோட வர்ற புள்ளைய எவன்லா தடுப்பான்?" என்று அன்றைக்கு பத்துமலை தீர்ப்புச் சொன்னார். பதிலையும் அவரே எழுதினார். தைரியமாகப் பரீட்சை எழுதவும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன், இப்படிக்கு மாமா.

நல்லம்மாள் எழுதினாள், தேறினாள், கப்பலேறிப் பினாங்கில் வந்து இறங்கினாள். துறைமுகத்தில் அதிகாரி பட்டத்தைப் பார்க்கவில்லை, தேதியைப் பார்த்தார். சீட்டு காலாவதி. பாஸ்போர்ட் இந்தியா. சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்குக் குத்தும் முத்திரையைக் குத்தி, முப்பது நாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பிறந்த ஊருக்கு அவள் விருந்தாளியாக வந்து சேர்ந்தாள். முப்பது நாள் முடிந்தால் போய்விட வேண்டும். எங்கே போவது? அந்தப் பக்கத்தில் அவளுக்குத் தெரிந்தது ஒரு ஹாஸ்டல் அறையும், அதற்கு எதிரே ஒரு தபால்பெட்டியும்தான். இந்தப் பக்கத்தில் காளியம்மாவுக்கு இருந்தது அவள் ஒருத்திதான்.

பத்துமலை அந்த முத்திரையைப் பார்த்தார். "மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று தான் எழுதிய வரி அப்படியே கண் முன்னால் வந்து நின்றது. இந்த மாதிரி நேரத்தில் சாதாரண மனிதன் என்ன செய்வான்? தப்பு என்மேல்தான் என்று சொல்லித் தலையைக் குனிவான். வழிசொல்லி என்ன செய்வார்? குரலை உயர்த்துவார்.

"யாரு சொல்லி இப்படிச் செஞ்சே?"

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு மரியாதை தெரியும்.

"சரி வுடு. ஏழு வழி இருக்கு" என்று ஒரு கையை முழுதாகவும் மறு கையில் இரண்டு விரலும் விரித்தார் பத்துமலை. "தாய்லாந்துல ஹாட்யாய்க்குப் போயி ரெண்டு நாள் இருந்துட்டுத் திரும்பினா புது சாப்பு குத்துவான். அது ஒன்னு. பாஸ்போர்ட் காணாமப் போச்சுன்னு போலீஸ்ல எழுதி வச்சிரலாம், அது ரெண்டு."

"ஐயோ, பொய்யா மாமா?" என்றாள் நல்லம்மாள்.

"பொய்யில்லம்மா. காணோம்னு எழுதிட்டு நெசமாவே தொலைச்சிரணும்."

மூன்றாவது வழி, தோட்டத்து வேலைக்குப் பெர்மிட் வாங்குவது. ஆயர் தாவார் பக்கம் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டங்களில் ஆள் இல்லாமல் தவிக்கிறார்களாம். பழம் பொறுக்குகிறேன் என்று பாரம் போட்டால் உடனே கிடைக்குமாம். வேதியியல் பட்டதாரி பழம் பொறுக்கலாமா என்று முத்து முகம்மது குறுக்கே கேட்டதற்கு, "பட்டம் வாங்கின புள்ளைன்னு பாரத்துல எதுக்குங்க பாய் எழுதணும்?" என்று சொல்லிவிட்டார். நான்காவது வழி அவருடைய சொந்த அக்காள் மகன் சீனி. டாக்சி ஓட்டுகிறான், நீல அட்டை, கெட்ட பழக்கம் பீடி ஒன்றுதான். கழுத்தில் ஒரு தாலி ஏறினால் பாஸ்போர்ட்டில் தானாக முத்திரை ஏறும் என்றார். ஐந்தும் ஆறும் இன்னும் சுற்று வழிகள். ஏழாவதை இப்போது சொல்ல முடியாது, சமயம் வரும்போது சொல்வார்.

நல்லம்மாள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நேரா இமிகிரேஷன் ஆபீசுக்குப் போயி கேட்டா என்ன மாமா?"

தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த முத்து முகம்மதின் கை அந்தரத்தில் நின்றது.

"நேராவா?" என்றார் பத்துமலை. கோபப்படவில்லை, பரிதாபப்பட்டார். "நேரா போனா நேரா கப்பல்ல ஏத்திருவாங்கம்மா. உள்ள நம்ம ஆளு ஒருத்தன் இருக்கணும். அவன் கவுன்டர்ல இருக்கற நேரமாப் பாத்து நாம போகணும்."

இதைக் கேட்டதும் காளியம்மாவுக்கே நிம்மதியாகிவிட்டது. ஏனென்று உங்களுக்குத் தெரியாதா? நம்மவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனாலும், அஞ்சல் நிலையத்துக்குப் போனாலும், மின்சாரக் கட்டணம் கட்டப் போனாலும் உள்ளே நம்ம ஆள் இருக்கிறாரா என்றுதான் முதலில் எட்டிப் பார்ப்போம். சட்டம் எழுதியவர்கள் நமக்காக எழுதவில்லை என்று எண்ணம். பல சமயம் அந்த எண்ணத்துக்குக் காரணமும் உண்டு. ஆனால் நம்ம ஆள் இல்லாத ஜன்னலில் உட்கார்ந்திருப்பவருக்கும் வாயும் காதும் உண்டு என்பது மட்டும் நம் மண்டையில் ஏறுவதே இல்லை.

பத்துமலையின் 'நம்ம ஆள்' ராஜு என்கிற ஒரு குமாஸ்தா. ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டவர். இமிகிரேஷனில் வேலை என்றார். கை கழுவும்போது, "எதாச்சும்னா வாங்கண்ணே, பாத்துக்கலாம்" என்றார். பாயசம் குடித்த வாய் எல்லாரிடமும் சொல்வதுதான். அந்த ஒரு வாக்கியத்தைப் பத்துமலை நாலு வருடமாகப் பத்திரமாக வைத்திருந்தார்.

படையெடுப்பு தொடங்கியது. சீனியின் டாக்சியில் நால்வரும் போவார்கள். முதல் நாளே, "சீனி அண்ணே, கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க" என்று சொல்லி நான்காவது வழியை நல்லம்மாள் அடைத்துவிட்டாள். சீனியும் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு வேகத்தைக் குறைத்தான். அலுவலகத்து வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. அதில் தாயையும் மகளையும் உட்கார வைத்துவிட்டு, பத்துமலை போய்க் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்ப்பார். மூன்று ஜன்னல்கள். மூன்றிலும் வேறு முகங்கள். திரும்பி வந்து, "நம்ம ஆளு இன்னிக்கி இல்ல. எந்திரிங்க" என்பார். திங்கட்கிழமை ஆகாது, ஞாயிற்றுக்கிழமைக் கடுப்பு போகாமல் இருப்பார்களாம். வெள்ளிக்கிழமை தொழுகை நாள், அவசரத்தில் இருப்பார்களாம். மாத ஆரம்பத்தில் கூட்டம். மாதக் கடைசியில் களைப்பு. இப்படியே ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது, காளியம்மா மூன்று நாள் வேலைக்குப் போகாமல் கங்காணியிடம் திட்டு வாங்கினாள், முருகனுக்கு ஒன்றும் மாரியம்மனுக்கு ஒன்றுமாக மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள், நல்லம்மாள் ராத்திரியானால் நாட்காட்டிப் பக்கமே பார்ப்பதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டாள். இருபத்தாறு நாள் காலி.

"மாமா, நான் போயி சும்மா கேட்டுட்டு வாரேனே" என்று அவள் ஆறு தடவையாவது கேட்டிருப்பாள்.

"நீ சும்மா இரும்மா. படிச்ச புள்ளைங்களுக்குப் பொறுமை இல்ல."

முப்பதாம் நாள் வந்தது. அன்றைக்கும் பெஞ்சு, அன்றைக்கும் கண்ணாடிக் கதவு, அன்றைக்கும் ராஜு இல்லை. மத்தியானம் இரண்டரை மணிக்குப் பத்துமலைக்குத் தொண்டை வறண்டது. "இங்கேயே இருங்க, நகரக் கூடாது" என்று சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குக் கோப்பி குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது பெஞ்சில் யாரும் இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார். நடு ஜன்னலில் நல்லம்மாள் நின்றுகொண்டிருந்தாள், பக்கத்தில் காளியம்மா, உள்ளே மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு மலாய் அம்மாள். மூவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் கப்பலில் ஏற்றவில்லை. இது பத்துமலைக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"இங்கே பிறந்த பெண், இங்கே வளர்ந்த பெண். படிப்பால் தாமதம். மேல்முறையீடு செய்யலாமே. ஏன் முதல் நாளே வரவில்லை?" என்று அந்த அம்மாள் மலாயில் கேட்டார். நல்லம்மாள் திரும்பிப் பத்துமலையைப் பார்த்தாள். பத்துமலை கூரையில் சுழலும் காற்றாடியைப் பார்த்தார்.

"ராஜு இருக்காருங்களா, புவான்?" என்று கேட்டார்.

"ராஜுவா? குவாந்தானுக்கு மாற்றலாகி இரண்டு வருடம் ஆகிறதே."

பிறப்புப் பத்திரம், தோட்டப் பள்ளிச் சான்று, பழைய சிவப்பு அட்டை, தாயின் அட்டை, பட்டம் எல்லாம் நல்லம்மாளின் பையில் அடுக்காக இருந்தன; ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அதிகாரி பாரத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, ஒரு கோட்டின்மேல் விரலை வைத்தார். "பெஞ்சாமின் சியாப்பா?" பிணை நிற்பது யார்? நீல அட்டைக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். இன்றைக்கே, நாலு மணிக்குள். போட்டால் கோலாலம்பூரிலிருந்து பதில் வரும்வரை இருக்கலாம். போடாவிட்டால் நாளையிலிருந்து அவள் இங்கே இருப்பது குற்றம்.

காளியம்மாவின் முகம் மலர்ந்தது. இவ்வளவுதானா! அவள் திரும்பினாள். "அண்ணே" என்றாள். வேறு சொல்ல என்ன இருக்கிறது? முப்பது நாளாக "நான் இருக்கேன்" என்று சொன்னவர் பக்கத்திலேயே நிற்கிறார், சட்டைப் பையில் நீல அட்டை பிளாஸ்டிக் உறைக்குள் தெரிகிறது.

பத்துமலை அந்தக் கோட்டைப் பார்த்தார். அவருக்கு எழுபதாம் வருடம் ஞாபகம் வந்தது. அண்ணன் சன்னாசியின் லயத்துக்கு ஒரு பாரத்தை எடுத்துக்கொண்டு போனவர் அவர்தான். அட்டைக்குப் பதிந்துகொள்ளும் பாரம் என்று யாரோ சொன்னதை நம்பி, படித்துப் பார்க்காமல், "போடுண்ணே, ஒன்னும் ஆகாது" என்று அண்ணனின் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தியவரும் அவர்தான். அது இந்தியாவுக்கே திரும்பிப் போகச் சம்மதம் தெரிவிக்கும் பாரம். சன்னாசி கப்பலேறினார். சேலத்துப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு கடிதம் வரும்: எப்பப்பா என்னைக் கூப்பிடப் போறே? அன்றிலிருந்து பத்துமலை ஊருக்கெல்லாம் வழி சொல்கிறார். எந்தக் காகிதத்திலும் கை வைப்பதில்லை. இதை நாம் அவருக்காக ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், பாவம். ஆனால் ஜன்னல் அருகே நின்ற பெண்ணுக்கு இது தெரியாது. தெரிந்தாலும் நாலு மணி அதற்காக நிற்காது.

"கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன்" என்றார்.

"மூக்கு மேல இருக்கு மாமா" என்றாள் நல்லம்மாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"இது... இது தூரத்துக்கும்மா." பிறகு, "தல சுத்துற மாதிரி இருக்கு. காத்தாட நின்னுட்டு வாரேன்." பத்துமலை கதவைத் திறந்துகொண்டு போயே போய்விட்டார்.

காளியம்மா அழவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதே கதவு வழியாக அப்போது சீனி வந்தான். வண்டியை நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியிருக்கிறோம், போலீஸ்காரன் வருகிறான், இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்கத்தான் வந்தான். நல்லம்மாள் விஷயத்தைச் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. மாப்பிள்ளையாக வேண்டாம் என்று ஒதுக்கியவனிடம் எப்படிக் கேட்பது?

"எங்க போடணும்?" என்றான் சீனி.

"படிச்சுப் பாக்கலயா அண்ணே?"

"நீதான் படிச்சிருக்கியே லா."

இரண்டு எழுத்துப் பெயரை ஒரு வரி நீளத்துக்கு எழுதினான். அட்டை எண்ணைச் சொன்னான். பீடி நாற்றம் அதிகாரி வரை போனது. அவர் மூக்கைச் சுளித்துக்கொண்டே முத்திரை குத்தினார். சீனி வெளியே ஓடினான். அதற்குள் டாக்சியின் கண்ணாடியில் அபராதச் சீட்டு.

வெளியே படிக்கட்டில் நின்றபடி பத்துமலை கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. ஐம்பத்தாறு வயதில் இப்படி வெட்கம் வரும் என்று அவர் நினைத்ததே இல்லை. திரும்பும் வழியில் முன் இருக்கையில் உட்கார்ந்து, எதிரே வந்த ஒவ்வொரு லோரியின் எண்ணையும் மனசுக்குள் படித்துக்கொண்டு வந்தார். ஆனால் வெட்கம் ஒரு வழிசொல்லியிடம் எத்தனை நேரம் தங்கும்? சிலிபின் முனை திரும்பும்போது தொண்டையைச் செருமினார்.

"ஏழாவது வழிய அப்புறம் சொல்றேன்னு சொன்னேனேம்மா. இதுதான்."

பின் இருக்கையில் நல்லம்மாள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது நாளில் அன்றைக்குத்தான் அவள் தெருவைப் பார்த்தாள்.

எட்டு மாதம் கழித்துக் கோலாலம்பூரிலிருந்து கடிதம் வந்தது. மேல்முறையீடு ஏற்கப்பட்டது. சிவப்பு அட்டை திரும்பக் கிடைத்தது. ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் பாடம் நடத்தும் வேலையும் கிடைத்தது. அந்த வாரம் முழுக்க முத்து முகம்மதின் கடையில் பத்துமலைக்குக் கோப்பி செலவே இல்லை.

"நான் வேணும்னுதானே வெளிய போனேன்? நம்ம இருந்தா அந்தப் புள்ள நம்மளையே நம்பிக்கிட்டு நிக்கும். தன் கால்ல நிக்கணும்லா!" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, ரொட்டி வாங்க வந்த நல்லம்மாள் வாசலில் நின்றாள்.

"ஆமா மாமா" என்றாள் அவள். "நீங்க வெளிய போன நேரம்தான் எனக்கு நல்ல நேரம்."

கடையில் இருந்தவர்கள் கைதட்டாத குறை. பத்துமலை மட்டும் கோப்பிக் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஒருவன் கடை லைசென்ஸ் காகிதத்தோடு வந்தான். கை நீண்டது.

அது கிடக்கட்டும். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, 'அந்தப் பெண் மெட்ராஸிலிருந்தே எழுதிப் போட்டிருக்கலாமே', 'பரீட்சைக்கு முன்னால் ஒருநடை வந்து போயிருக்கலாமே', 'அந்த நேரத்தில் கோலாலம்பூரில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருந்தாரே' என்று உங்களுக்கு ஏதாவது தோன்றியதா? தோன்றியிருக்கும். நல்ல மனசு, குறை சொல்ல மாட்டேன். என்றைக்காவது ஒருநாள் உங்கள் வாசலிலும் ஒரு பெண் காகிதத்தோடு வந்து நிற்பாள். அவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், உங்கள் பெயர் மட்டும்தான் வேண்டும். அவளை உட்கார வைத்து எட்டாவது வழி ஒன்றைச் சொல்ல உங்கள் நாக்கு துடித்தால், உங்களுக்கு அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று மெதுவாக விசாரித்துப் பாருங்கள்.